திருவிருந்துக்கு எழாத ராஜையன் சார்

தக்கலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ராஜையன் உயிரியல் ஆசிரியர். ஒவ்வொரு டிசம்பரிலும் எய்ட்ஸ் விழிப்புணர்வு நாளன்று மேடையேறுவது அவர்தான். கொசு கடித்தால் பரவாது, கைகொடுத்தால் பரவாது, ஒரே டம்ளரில் குடித்தாலும் பரவாது என்று குரலை உயர்த்திச் சொல்வார். தாகமெடுத்தால் தன் பையிலிருக்கும் பாட்டில் தண்ணீரை மட்டும் குடிப்பார். பாடத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் டம்ளரின் மேல்தான்.

அம்மா போனபின் வீட்டில் தனியாள். ஆளில்லாத வீட்டில் பயத்துக்கு நல்ல வசதி, குறுக்கே பேச யாருமில்லை. முதலில் பஸ் கம்பி, பிறகு கடைச் சாயா கிளாஸ். 2007இல் சபையைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர் அந்த நோயில் இறந்ததும் பயம் கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சை ரசத்துக்கு எல்லோருக்கும் ஒரே பாத்திரம். முழங்காலிட்டவரின் உதட்டில் போதகர் அதை வைப்பார், விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்வார். அந்தத் துடைப்பு போதாது என்று ராஜையனுக்குப் பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு சபையே எழுந்து போகும். அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

பயம் தாளாமல் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தமும் சோதித்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்றார்கள். அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கியது.

எங்கள் ஊர்க் கணக்கில் திருவிருந்துக்கு எழாதவன் யாரோடாவது வழக்கில் இருப்பான், அல்லது வெளியே சொல்ல முடியாத பாவத்தில் இருப்பான். மூன்றாவது காரணம் அதுவரை யாருக்கும் இருந்ததில்லை.

நாற்பதை நெருங்கும்போது நெய்யூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் ஷிபா, நர்ஸ். பெண் பார்க்கப் போனபோது அவள் நீட்டிய சாயாவை முழுதும் குடித்ததாகவும், வீட்டுக்கு வந்து வாய்கூடக் கொப்பளிக்கவில்லை என்றும் கோயில் மணியடிக்கும் குமாரதாஸிடம் அவரே சொன்னார். அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

மாப்பிள்ளையின் கோயிலில் ஒரு திருவிருந்து ஞாயிறன்று பெண்வீட்டார் சொல்லாமல் வந்து உட்கார்ந்து பார்ப்பது இங்கே வழக்கம். ஷிபாவின் அப்பா ஞானதாசன் கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்தார். ஆராதனை முடிந்ததும் குமாரதாஸைப் பிடித்தார்.

"சாரு திருவிருந்து எடுக்கதில்லியா?"

"கொஞ்ச நாளாட்டு இல்ல."

"என்னதாக்கும் காரியம்?"

"எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி? ஆஸ்பத்திரில போயி ரத்தம் சோதிச்சாருன்னு ஆளுவ சொல்லுதாவ."

சம்பந்தம் அதோடு நின்றது. செய்தியைக் கொண்டுவந்ததும் குமாரதாஸ்தான்.

"ஒண்ணுமில்லன்னுதானே டாக்டர் சொன்னாரு!" என்றார் ராஜையன்.

"அத பெண்ணுக்க அப்பாட்ட போய்ச் சொல்லும் சாரே. ஒண்ணுமில்லாதவன் எதுக்குச் சோதிச்சான்னு கேப்பாரு. சும்மா எந்திரிச்சுப் போயி ஒரு வாய் குடிச்சா என்னவாம்? பிள்ளேளுக்கு நீருதானே சொல்லிக் குடுக்கேரு!"

நோயில்லை என்பதற்கு அத்தாட்சி இருந்தது. காட்டினால் நோய் உறுதியாகிவிடும்.

அடுத்த முதல் ஞாயிறு ராஜையன் எழுந்தார். முன்னால் போய் முழங்காலிட்டார். இரண்டு பக்கமும் ஓராள் இடம் ஒழிந்தே கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவருக்குப் பிறகு போதகர் விளிம்பைச் சற்று அதிகநேரம் துடைத்தார்.

இடத்துக்குத் திரும்பும்போது கடைசிப் பெஞ்சுகளை ஒருமுறை பார்த்தார். ஞானதாசன் இல்லை. பெண்வீட்டார் ஒருமுறைதான் விசாரிக்க வருவார்கள்.