மருந்தில்லை, ஜாமு

சலாத்திகா ஊரின் காய்கறிச் சந்தைக்குப் பின்னால், பேருந்துகள் திரும்பும் முனையில், வார்சினி பத்தொன்பது ஆண்டுகளாக ஜாமு என்ற மூலிகைப் பானம் விற்றுவந்தார். மாலைத் தொழுகை அழைப்புக்குச் சற்று முன்பே தள்ளுவண்டியின் மூன்று பக்கமும் துணித்திரை கட்டிவிடுவார். திரையில் பெரிய சேவல் படம். உள்ளே ஆண்கள் தெருவுக்கு முதுகைக் காட்டிப் பெஞ்சில் உட்காருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரப்பர் செருப்புகளும் கணுக்கால்களும் மட்டும் தெரியும்.

அந்தக் கடையில் யாரும் வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ஒரு முட்டை" என்றால் இடுப்பு வலிக்கும் அலுப்புக்கும். "ரெண்டு முட்டை" என்றால் மற்றதற்கு. வார்சினி பொட்டலத்தைக் கிழித்துக் கோப்பையில் கொட்டுவார். வெந்நீர் ஊற்றி, நாட்டுக்கோழி முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை ஓட்டுக்கு ஓடு மாற்றிப் பிரித்து அதில் விடுவார். பிறகு தேன், எலுமிச்சை. குடித்து முடித்ததும் நாக்கின் கசப்புக்கு வெல்லம் போட்ட இஞ்சித் தண்ணீர்.

"யூ, ரெண்டு முட்டை."

"வீட்டுல கோழி கூப்பிடுதா, பாக்?"

"கோழிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. சேவலுக்குத்தான் தொண்டை கட்டிக்கிச்சு."

"தொண்டையா? இவர் சேவலுக்குக் கொண்டையே சாஞ்சு ஒரு வருஷம் ஆச்சு யூ!" என்று பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். பாக் என்றால் ஐயா, யூ என்றால் அக்கா. எழுபது வயதுக்காரரும் ஐம்பத்து மூன்று வயது வார்சினியை அப்படித்தான் அழைத்தார்.

மறுநாள் அதே மனிதர் மனைவியோடு சந்தையில் எதிரே வந்தால், வார்சினி அவரை முன்பின் பார்த்ததே இல்லை. அவரும் அப்படியே. இந்த ஏற்பாட்டை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. யாரும் மீறியதும் இல்லை. வாய் திறக்காதவர் என்பதுதான் வார்சினிக்கு இருந்த பெயர். நேர்மையானவர் என்றும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

ஆரம்பத்தில் அவர் சொந்தமாக அரைத்த பொடிதான் விற்றார். பாசக் பூமி வேர், திப்பிலி, சுக்கு, இன்னும் சில. "மூணு வாரம் விடாம குடிங்க, அப்புறம் பேசுங்க" என்பார். பாதிப் பேர் முதல் வாரத்தோடு நின்றுவிடுவார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு மோட்டார் சைக்கிளில் ஒரு விற்பனையாள் சிவப்புப் பொட்டலங்களோடு வந்தான். 'மலைச் சேவல்' என்று பெயர். முழுக்க மூலிகை என்று அச்சடித்திருந்தது; கீழே பதிவு எண்ணும் இருந்தது.

"மூணு வாரம்லாம் வேண்டாம் யூ. அரை மணி நேரம்."

அவன் சொன்னது உண்மை. பெஞ்சு போதாமல் இன்னொரு பெஞ்சு போட வேண்டியிருந்தது.

வார்சினி பொடியை முகர்ந்து பார்த்தார். சுக்கு இருந்தது, திப்பிலி இருந்தது, வேரும் ஏதோ இருந்தது. எந்த வேரும் அரை மணி நேரத்தில் வேலை செய்யாது என்பது, வேர் இடித்தே வளர்ந்த அவருக்குத் தெரியும். அந்தப் பொட்டலத்தில் வாடை இல்லாத ஒன்று இருந்தாக வேண்டும். அது என்ன என்று அவர் கேட்கவில்லை. "எனக்குத் தெரியாது" என்று பின்னாளில் அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதற்கும் ஒருவர் பாடுபட வேண்டியிருக்கிறது. அவர் ஏழு ஆண்டுகள் அந்தப் பாட்டைப் பட்டார்.

ஒரு வியாழக்கிழமை மதியம், கடை போடும் முன், சுகாதார நிலையத்திலிருந்து ஹெஸ்தி என்ற இளம்பெண் கையில் தாள்களோடு வந்தாள். விற்கக் கூடாதவை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் வெளியிட்ட எச்சரிக்கைப் பட்டியல். ஓரத்தில் தன் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தாள்.

"யூ, இதுல இருக்கிறது எதாவது உங்ககிட்ட இருக்கா பாருங்க."

வார்சினி விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். பதினேழாவது வரியில் விரல் நின்றது.

"மலைச் சேவலா? இது வேர்ப்பொடி ஆச்சே."

"வேர்ப்பொடி பேருக்குத்தான். ஆம்பளைங்களுக்கு டாக்டர் எழுதித் தர்ற மாத்திரைய அரைச்சுக் கலந்திருக்காங்க. எந்தப் பொட்டலத்துல எவ்வளவுன்னு கலந்தவனுக்கே தெரியாது."

"பதிவு நம்பர் போட்டிருக்கே!"

"அதுவும் பொய்."

"ஏழு வருஷமா குடிக்கிறாங்க. ஒருத்தர்கூட வந்து என்னைத் திட்டினதில்ல."

"செத்தவங்க எப்படி யூ வந்து திட்டுவாங்க?" என்றாள் ஹெஸ்தி. சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினாள். "எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இருக்குல்ல, அதைச் சாப்பிடறவங்க இதையும் குடிச்சாத்தான் ஆபத்து. ரத்த அழுத்தம் அப்படியே கீழ போயிடும். உக்காந்தவங்க எந்திரிக்க மாட்டாங்க."

வார்சினி பட்டியலை மடித்தார். மறுபடி பிரித்தார். செவ்வாய்க்கிழமை மாலை அவர் கண் முன் வந்தது.

அன்று ஹர்சோயோ வந்திருந்தார். மலைச்சரிவிலிருந்து முட்டைக்கோசும் காரட்டும் இறக்கும் லாரி ஓட்டுநர். அறுபதை நெருங்குபவர். மனைவி இறந்து நான்காம் ஆண்டில், போன மழைக்காலத்தில்தான் நாற்பத்திரண்டு வயது ராத்மியை மணந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் நெஞ்சைத் தடவினார். சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார்.

"என்ன பாக் அது?"

"உக்காந்த காத்து, யூ. போன வாரம் நெஞ்சுல வந்து உக்காந்துக்கிச்சு. காத்து இறங்கட்டும்னு ராத்மி முதுகெல்லாம் காசு வெச்சுச் சுரண்டிப் பாத்தா, போகல. ஆஸ்பத்திரியில இதைக் குடுத்தாங்க. வெச்சதும் காத்து கலைஞ்சிடுது."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இதயம் கிதயம்னாரு. வேற மருந்து எதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டாரு. மருந்தா? பொறந்ததுலேர்ந்து தொட்டதில்ல, ஜாமுவோட சரின்னு நினைச்சுக்கிட்டு, இல்லைன்னுட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வார்சினியும் தலையாட்டினார். அது சரியான பதிலாகத்தான் அங்கே எல்லோருக்கும் பட்டது. கேட்டது மருந்தைப் பற்றி, ஜாமு மருந்தில்லை. மாத்திரை நெஞ்சில் உட்கார்ந்த காற்றுக்கு, ஜாமு இடுப்புக்குக் கீழே. இரண்டுக்கும் என்ன உறவு? "இன்னிக்கு நெஞ்சு கனமா இருக்கு, இங்க குடிக்கல" என்று மூன்று பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, "வியாழக்கிழமைக்கு" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கு முந்திய இரவு கணவன் மனைவிக்கு உகந்தது என்பது ஊர் நம்பிக்கை. வார்சினிக்கு வாரத்தில் பெரிய வியாபாரம் வியாழனன்றுதான்.

இன்று வியாழன்.

வாடிக்கையாளர்களின் எண் எதுவும் வார்சினியிடம் இல்லை. இருக்கக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். அன்று கடை விரிக்காமல், காய்கறி இறக்கும் சுமைக்காரர்களிடம் போய் ஹர்சோயோ வீட்டுக்கு வழி கேட்டார்.

"எதுக்கு யூ? டெலிவரியா?" என்று ஒருவன் இளித்தான்.

வாடகை மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம் மலையேற்றம். வெயில் சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் ராத்மி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் யாரோ குளிக்கும் சத்தம்.

"சந்தையிலேர்ந்து வர்றேன், ஜெங்" என்று தங்கையை அழைப்பதுபோல அழைத்தார் வார்சினி. "பாக் ஹர்சோயோவைப் பாக்கணும்."

ராத்மி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஹர்சோயோ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். வார்சினியைக் கண்டதும் அவர் முகம் சந்தையில் எதிரே வரும்போது இருப்பதைப் போலவே ஆகிவிட்டது.

"யாரு இது?"

"பாக், அந்த ரெண்டு முட்டையை இன்னிக்கு உடைக்காதீங்க."

"எந்த முட்டை? நான் யாருகிட்டயும் முட்டை வாங்கலையே."

"முட்டை விக்கவா இவ்வளவு தூரம் மலையேறி வந்தீங்க?" என்றாள் ராத்மி.

பக்கத்து வீட்டுப் பெண் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொல்லாததை வார்சினி உரக்கவே சொன்னார்.

"நான் ஜாமு விக்கிறவ. இவரு என்கிட்ட ஆண்மைக்குப் பொட்டலம் வாங்குறாரு. அதுல மருந்து கலந்திருக்கு. நெஞ்சு மாத்திரையும் அதுவும் சேந்தா உயிர் போயிடும்."

"பைத்தியமா இது? ஜாமு கடைப் பக்கமே நான் தலை வெச்சுப் படுத்ததில்ல."

"சும்மா இருங்க மாஸ்" என்று கணவரை அதட்டினாள் ராத்மி. "வாரா வாரம் சட்டையில சுக்கும் பச்சை முட்டையும் வாடை அடிக்குது. எனக்கு மூக்கு இல்லையா? எங்க வெச்சிருக்கீங்க?"

ஹர்சோயோ பக்கத்து வீட்டுப் பக்கம் பார்க்காமல், குழந்தைபோல, மெல்லக் கேட்டார்.

"மருந்துன்னா சரி, ஆகாது. இது ஜாமுதானே யூ?"

"இல்ல பாக். நான் உங்களுக்குக் குடுத்தது ஜாமு இல்ல."

ஹர்சோயோ வாசலில் நின்ற லாரியைக் காட்டினார். ராத்மி அதன் இருக்கைக்கு அடியில் கைவிட்டுப் பொட்டலங்களை எடுத்துவந்தாள். இரண்டு முழுதாக இருந்தன. ஒன்று கிழிந்திருந்தது.

"எப்ப குடிச்சீங்க?"

"குளிக்கப் போறதுக்கு முன்னாடி."

வார்சினி தொலைபேசியில் ஹெஸ்தியை அழைத்தார். ஹெஸ்தி இரண்டே செய்தி சொன்னாள். உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். வலி வந்தாலும் அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் லாரியை ஓட்டினார். முன்னிருக்கையில் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மாத்திரைக் குப்பி வார்சினியின் கையில் இருந்தது. பாதி வழியில், மூன்றாம் வளைவு தாண்டியதும், ஹர்சோயோ நெஞ்சைப் பிடித்தார்.

"காத்து ஏறுது. குப்பியைக் குடு யூ."

"கூடாது பாக்."

"வலிக்குது. ஒண்ணே ஒண்ணு."

"கூடாது."

"இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் குடுத்தியே! இதைக் குடுக்க மாட்டியா?"

ராத்மி அழ ஆரம்பித்தாள். ஹர்சோயோ வியர்த்து நனைவதை அவளால் பார்க்க முடியவில்லை. "குடுத்துடுங்க, பாவம், என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்று வார்சினியின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். நகம் பட்டு ரத்தம் வந்தது. வார்சினி கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். தூக்கி எறியவில்லை, டாக்டருக்குக் காட்ட வேண்டியிருக்கும். மலைக்காற்றில் மூடிய கையை நீட்டியபடி, தான் கெடுத்த ஒரு மனிதர் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டே, ஊர் வந்து சேரும் வரை அப்படியே இருந்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்டது அதே கேள்விதான்.

"வேற மருந்து எதாவது சாப்பிட்டாரா?"

ராத்மி வார்சினியைப் பார்த்தாள். வார்சினி கிழிந்த பொட்டலத்தை நீட்டி, "இந்த மருந்து. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சாரு" என்றார்.

ஹர்சோயோ பிழைத்தார். நான்கு நாள் படுக்கையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். லாரியை விற்றுவிட்டதாகக் கேள்வி. வார்சினியின் கடைக்கு அவர் திரும்பவில்லை. மற்றவர்களும் வரவில்லை. பொட்டலத்தில் விஷம் இருந்தது என்பதற்காக அவர்கள் ஒதுங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அது வேறு கடைகளில் அதற்குப் பிறகும் சில மாதங்கள் விற்றது. ஒருவர் வீட்டு வாசலில், மனைவி முன்னால், பக்கத்து வீடு கேட்க வார்சினி வாயைத் திறந்தார். அதற்குத்தான். இரண்டாவது பெஞ்சு போயிற்று. பிறகு திரையும். இப்போது காலையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மஞ்சள், புளி, கச்சோலம் போட்ட இனிப்பு ஜாமு மட்டும் விற்கிறார்.

மீதிப் பொட்டலங்களை ஹெஸ்தியிடம் ஒப்படைத்த அன்று அவர் ஒரு பெயரையும் சொன்னார். கஸ்புல்லா, டயர்க் கடை வைத்திருந்தவர், வியாழக்கிழமை தவறாமல் வந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் இறந்தார். உட்கார்ந்த காற்று என்றார்கள். எல்லோரும் போனதுபோல வார்சினியும் அரிசி எடுத்துக்கொண்டு துக்கத்துக்குப் போனார். கஸ்புல்லாவின் மனைவி வார்சினியை யாரென்று தெரியாமலே கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவரும் நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சிருந்தாரா?" என்று ஹெஸ்தி கேட்டாள்.

"தெரியாது. நான் பாத்ததில்ல."

"அப்போ இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல யூ" என்றாள் ஹெஸ்தி. ஆறுதலாகத்தான் சொன்னாள். வார்சினிக்கு அது ஆறுதலாக இல்லை.

சென்ற மாதம் நான் அவரிடம், ஒரு உயிரையாவது காப்பாற்றினீர்களே என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் மஞ்சள் அரைத்த கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பெஞ்சு நிறைய உக்காந்திருந்தாங்க. எனக்கு வழி தெரிஞ்சது ஒரு வீட்டுக்குத்தான்."