சோபாக் கடையில் உட்காராதவர்கள்

"அந்தப் பொண்ணுக்கு என்னாடி, சோபாக் கடையில வேல. நாளெல்லாம் குந்திக்கினே சம்பாதிக்கலாம்."

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. அந்தப் பொண்ணு நான்தான். யூனிபார்ம் கோட்டில் தைத்திருந்த கடைப் பெயரைப் பார்த்திருக்கிறார்கள். பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்கிற ஆள் நான். தவிர, காலையிலிருந்து நின்றுவிட்டு வந்தவளுக்கு உட்காரச் சீட்டுக் கிடைத்திருந்தது. அந்தச் சுகத்தைச் சண்டை போட்டுக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சோபா வியாபாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சோபாவில் உட்காராதவர்கள் இரண்டு வகை: அதை விற்கிறவர்கள், அதை வாங்கிக்கொண்டு போனவர்கள். பி.காம். படித்தபோது யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. துணிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை என்று எங்கெங்கோ நின்றுகொண்டிருக்கும் தோழிகளுக்கு நான் சொல்லப்போவதில் புதிதாக எதுவும் இருக்காது. வேலை முடிந்து வந்து, வீங்கின காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படிக்க ஏதாவது வேண்டுமே என்று எழுதுகிறேன்.

பளபளக்கும் கட்டில் கால்

எங்கள் கடையில் சோபா உண்டு, கட்டில் உண்டு, ஊஞ்சல் உண்டு, உடம்பு பிடித்துவிடும் நாற்காலிகூட உண்டு. வேலை செய்கிறவர்கள் எதிலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பஞ்சு அமுங்கிவிடுமாம். வாங்க வருகிறவர்கள் குடும்பத்தோடு ஏறிக் குதித்தாலும் அதே பஞ்சு அமுங்காது. ஆள் பார்த்து அமுங்கும் பஞ்சு அது.

என்னோடு அதே தளத்தில் நின்றவள் எஸ்தர் அக்கா. சித்தூரில் பழைய மிஷன் சர்ச்சைச் சேர்ந்த குடும்பம். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவள். கையில் எப்போதும் ஒரு துணி வைத்துக்கொள் என்று நான் சேர்ந்த அன்றே சொன்னாள். துணி இருந்தால் கட்டில் காலைத் துடைக்கலாம். துடைக்க வேண்டுமானால் குந்தித்தான் ஆக வேண்டும். கேமராவில் பார்க்கிற முதலாளிக்கு நாம் பொறுப்பான பெண்ணாகத் தெரிவோம். எங்கள் கடையில் இருப்பது போல் பளபளக்கும் கட்டில் கால்கள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

பிறகு அக்கா துடைப்பதைக் குறைத்துக்கொண்டாள். குந்த முடியவில்லை. பாத்ரூம் பக்கம் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் காரணத்தைச் சொன்னாள். வயிற்றில் குழந்தை. இதற்கு முன் ஒன்று கலைந்துபோயிருந்தது. ரொம்ப நேரம் நிற்காதே என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைக் கடையில் சொன்னால் வேலை போய்விடும். முன்பு இருந்த ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் ஆள். இன்றைக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. ஏழாவது மாதம் வரை இழுத்துப்பிடித்துவிட்டால் போதும் என்றாள். பெரிய சைஸ் யூனிபார்ம் கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஒருநாள் மதியம் ஒரு கட்டில் காலருகே குந்தியவள், எழ முடியாமல் அதையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். மேனேஜர் பார்த்துவிட்டார். வேடிக்கையாகப் பேசுகிறவர் என்று அவருக்குப் பெயர்.

"எஸ்தர், இன்னும் தொடச்சா அந்தக் கால் தேஞ்சிபோயி கட்டில பாய்ன்னுதான் விக்கணும்."

உறை கிழிந்தவர்

குடிபாலாவிலிருந்து ஒருவர் வந்தார். எங்களிடம் சோபா வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் கையில் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் தாள். சோபாவோடு சுற்றிக் கொடுத்தோமே, அந்த உறை. பேரன் பேனாவால் குத்திக் கிழித்துவிட்டானாம். அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார்.

அது வண்டியில் போகும்போது தூசு படாமல் இருக்கச் சுற்றுவது, வீட்டுக்குப் போனதும் கழற்றிவிட வேண்டும் என்று எஸ்தர் அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவர் அவளை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அத்தனை விலை கொடுத்ததைத் திறந்து போடுவார்களா? அவரும் அவர் மனைவியும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்களாம். சோபா எதிர்ச் சுவர் ஓரமாக இருக்கிறதாம். அதுசரி, சோபா உட்கார வசதியாக இருக்கிறதா என்று அக்கா கேட்டாள்.

"குந்தினாதானம்மா தெரியும்? யாருனா விருந்தாளி வந்தா கேட்டுச் சொல்றேன்."

எந்த ஊர்ச் சட்டம்

அக்காவின் தங்கை வேலூரில் ஒரு புடவைக் கடையில் இருக்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்கள் உட்காரவும் இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்து, ஆளுக்கொரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்துகொள்கிறார்கள். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்த போட்டோவை அக்கா போனில் வைத்திருந்தாள். மற்றவர்கள் குழந்தை போட்டோவைக் காட்டுவது போல எங்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள்.

ஒருநாள் துணிந்து மேனேஜரிடமும் காட்டினாள். தன் காரணத்தைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கால் வலிக்கிறது, தூணுக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்டூல் போட்டால் மாற்றி மாற்றி உட்காருவோம் என்றாள். மேனேஜர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்டூல் என்ன மரம் என்று அவர் கேட்டபோது போட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"அது தமிழ்நாட்டுச் சட்டம்மா. ஊத்துக்கோட்டையோட நின்னுடும். பார்டர் தாண்டி ஆந்திராவுக்குள்ள வராது."

வீடுதான் சின்னது

புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தடாவில் வாடகைக்கு இருக்கிறார்கள். மூலையோடு வளைந்து போகிற பெரிய சோபாதான் வேண்டும் என்றாள் அந்தப் பெண். அவளோடு வேலை செய்கிறவள் அப்படி ஒன்றில் சாய்ந்துகொண்டு வீடியோ போட்டிருக்கிறாளாம். வீடு எத்தனை அறை என்று கேட்டேன். அது ஒன்றுதான் நான் வாயைத் திறந்து கேட்டது. ஒரே அறை, அதிலேயே சமையலும். அப்படியானால் சோபா போட்டபின் படுக்க இடம்? இதற்கு இருவரும் சிரித்தார்கள். மேனேஜர் என்னை வேறு பக்கம் போகச் சொன்னார்.

எங்கள் வண்டி அவ்வளவு தூரம் போய் இறக்கியது. சோபா வாசலில் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கதவைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் மூடி வைத்துவிட்டு வந்தார்கள். மாற்றிக்கொள்கிறீர்களா என்று நான்தான் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. தார்ப்பாயை விலக்கி அதன்மேல் உட்கார்ந்து வீடியோ எடுத்துவிட்டதாகவும், நல்ல வரவேற்பு என்றும் அந்தப் பெண் சொன்னாள்.

"சோபா கரெக்டாதான் இருக்கு மேடம். வீடுதான் சின்னது. மாத்திடறோம்."

தூக்கிவிடும் நாற்காலி

ஒரு பெரியவர் தனியாக வந்தார். கையில் போன், போனுக்குள் மகன். மகன் இருப்பது ஏதோ வெளிநாட்டில். அங்கிருந்தே ஒவ்வொரு நாற்காலியாகக் காட்டச் சொன்னான். எஸ்தர் அக்கா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கடை முழுக்க நடந்து காட்டினாள். மகன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பட்டனை அமுக்கினால் சாயும், இன்னொன்றை அமுக்கினால் பின்னாலிருந்து மெதுவாக உயர்ந்து ஆளை நிற்கவைத்துவிடும்.

பெரியவரை அதில் உட்காரவைத்தோம். மகன் உற்சாகமாக இருந்தான். பாருங்க நைனா, நீங்கள் எழும்ப யாரும் கை கொடுக்கவே வேண்டாம், அதுவே தூக்கிவிடும் என்றான். அக்கா பட்டனை அமுக்கினாள். நாற்காலி அவரை அழகாக ஏற்றி நிற்கவைத்தது. பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அப்ப நீ வரவேண்டிய வேலயே இல்லன்னு சொல்லு."

நல்ல நெட்வொர்க்தான். ஆனாலும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றான் மகன்.

கல்யாணக் கட்டில்

புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூட்டமாக வந்து, இருப்பதிலேயே விலை கூடின தேக்குக் கட்டிலைப் பார்த்தார்கள். வாங்கலாமா, சின்னதாகப் பார்க்கலாமா என்று நெடுநேரம் பேச்சு. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். பெண்ணின் பெரியம்மா மட்டும் கட்டிலை விட்டுவிட்டு எஸ்தர் அக்காவையே பார்த்தாள். பெரிய கோட்டு கடையில் மற்றவர்களையெல்லாம் ஏமாற்றியிருக்கலாம். நாலு பிள்ளை பெற்றவளை ஏமாற்றவில்லை. எத்தனாவது மாதம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். அக்கா மேனேஜரைப் பார்த்தாள். பெரியம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். கல்யாணக் கட்டிலைப் புள்ளத்தாச்சி தொட்டுக் கொடுத்தால் பெண்ணின் வயிறும் சீக்கிரம் நிறையும், இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று அக்காவின் கையைப் பிடித்துக் கட்டில்மேல் வைத்தாள். போகும்போது குங்குமம் வைத்துவிட வந்தாள். அக்கா வழக்கமில்லை என்று சொல்ல, கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். கட்டில் விற்றுவிட்டது. மேனேஜர் பில் போடப் போனார்.

மறுநாள் காலை அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். கடைக்கென்று ஒரு தோற்றம் இருக்கிறதாம். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வதாம். பிரசவம் முடிந்து வா, பார்க்கலாம் என்றார். இன்னும் இரண்டு மாதம், குடோனிலாவது வேலை கொடுங்கள் என்று அக்கா கேட்டாள். அவள் யாரிடமாவது கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். அவள் புடவைக்கு மேல் மாட்டியிருந்த கோட்டை அங்கேயே கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள்.

"நீதானம்மா உக்காரணும், உக்காரணும்னு கேட்டுக்கினு இருந்தே? வூட்ல போயி நல்லா உக்காரு."

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு எங்களுக்கு லீவு கிடையாது. அன்றுதான் கூட்டம். அக்கா கடையில் இருந்தவரை காலை ஆராதனைக்குப் போனதே இல்லை. வேலை போன பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, வெள்ளையில் நீலக்கரை போட்ட பட்டுப் புடவையில், வீட்டுக்காரரோடு கடைக்கு வந்தாள். இப்போது வயிற்றை மறைக்க ஒன்றுமில்லை. வாசலில் மேனேஜர் "ரண்டி மேடம், ரண்டி சார்" என்று தெலுங்கில் வரவேற்றுக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் யாரென்று தெரிந்துவிட்டது. அதற்குள் அக்கா உள்ளே வந்து, முதல் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் போய் நின்றேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் தர வேண்டும், கொடுத்தேன். குடித்துவிட்டு, உள்ளே என்ன பஞ்சு, கால் என்ன மரம், எத்தனை வருடம் உழைக்கும் என்றெல்லாம் என்னைக் கேட்டாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். நான் ஒவ்வொன்றுக்கும் மேடம் சேர்த்துப் பதில் சொன்னேன். சொல்லும்போது சிரிப்பு வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவள் பாதம் இரண்டும் செருப்பு வாரை மீறிப் புடைத்திருந்தது. அவள் அடுத்த சோபாவுக்குப் போனாள், பிறகு அதற்கடுத்தது. எதையும் விடவில்லை. வீட்டுக்காரர் முதலில் கூச்சத்தோடு நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தெலுங்கில் என்ன வேண்டும் என்று கேட்டார். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

"சோபாதான் சார் பாக்கறோம். குந்திப் பாக்காம எப்படி சார் வாங்கறது?"

பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டு அம்மாள், புள்ளத்தாச்சியை இப்படி நடக்கவிடாமல் நாலு மாடலைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டக்கூடாதா என்று மேனேஜரையே கேட்டாள். மேனேஜர் சிரித்தார். பாருங்கள் மேடம், நிதானமாகப் பாருங்கள் என்றார். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

கடைசியாக மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு வந்தாள். அவள் ஒரு ஓரம், வீட்டுக்காரர் மறு ஓரம். நடுவில் கையால் அமுக்கிப் பார்த்தாள். முகத்தில் சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"மூணு பேரு குந்தினா நடுவுல அமுங்கிடும்னு சொல்றாங்களே. நீங்க கொஞ்சம் குந்திக் காட்டுங்க மேடம்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பக்கத்துக் குடும்பம் மேனேஜரைப் பார்த்தது. அக்கா புடவைத் தலைப்பை ஒதுக்கி இடம் விட்டாள்.

நான் போய் நடுவில் உட்கார்ந்தேன்.