தேதிக்காரர்

அடையாள அட்டை கைக்கு வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குவார். முகத்தைப் பார்ப்பதில்லை, பெயரைப் படிப்பதில்லை. இடக்கைக் கட்டைவிரலைப் பிறந்த தேதிக்கு நேர்கீழே நிறுத்தி, நாள், மாதம், ஆண்டு மூன்றையும் உதடு அசைய ஓதி, வலக்கை விரல்களில் எண்ணி முடித்த பிறகே அந்த மேஜையில் புட்டி சாயும். "பேரு எனக்கு எதுக்குங்க? பேருக்கா வயசு?" என்பார். இருபத்தொன்று நிரம்பாதவர்க்கு மது ஊற்றலாகாது என்பது சட்டம். பதினெட்டு ஆண்டுகளாக ஓர் உணவகத்தில் மது பரிமாறி வரும் அவருக்குத் 'தேதிக்காரர்' என்பதே பெயராய் நிலைத்துவிட்டது.

தக்கை நொறுங்காமல் ஒரே மூச்சில் வெளிவரும்போது எழும் மெல்லொலி அவருக்குக் கிட்டும் அன்றாட வரம். அவ்வொலி செவ்வையாக அமைந்தால் அடுக்களைவரை சென்று, "கேட்டுச்சா?" என்று சமையற்காரர்களை விசாரிப்பார். எரிச்சல்களுக்கும் குறைவில்லை. ஈரம் புலராத கோப்பையை அடுக்கி வைப்போர், விரலைச் சொடுக்கி அழைப்போர், அட்டை கேட்டால் தாடியைத் தடவிக் காட்டுவோர் ஆகிய மூவகையினரையும் அவர் பொறுப்பதில்லை. "தாடியில பொறந்த தேதி போட்டிருக்கா, தம்பி?"

ஐம்பதைக் கடந்த பெண்மணிகளிடமும் சில விருந்து நாள்களில், சிரிப்பின் சுவடே இன்றி, அட்டை கேட்பார். அவர்கள் அந்த மாலை முழுவதும் மலர்ந்திருப்பார்கள். "பார்த்தீங்களா? உங்ககிட்ட கேட்டாரா?" என்று ஓர் அம்மையார் கணவரின் விலாவில் இடித்ததும் உண்டு.

வீட்டில் தண்ணீர் ஊற்றினாலும் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கடைசிச் சொட்டைத் தடுத்து நிறுத்துவார். "தண்ணிக்குமா?" என்பாள் மனைவி. "கை கேக்க மாட்டேங்குது" என்பார்.

இவ்வளவு கண்டிப்புக்கும் வேர் ஒன்று உண்டு. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு திருமண விருந்தின் நெரிசலில், ஆண்டை மட்டும் பார்த்து மாதத்தைப் பாராமல் ஒரு பெண்ணுக்கு ஊற்றிவிட்டார். அவளுக்கு இருபத்தொன்று நிரம்பப் பதினோரு நாள் குறைவு. அடுத்த மேஜையில் அமர்ந்திருந்தவர் சோதனை அதிகாரி. உணவகம் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. ஆறு சமையற்காரர்கள் வேலையின்றி வீட்டில் முடங்கினார்கள். திரும்பி வந்த அன்று அவரை எவரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் அவருக்கு இன்றளவும் ஆறவில்லை.

பிள்ளைக்கு இருபத்தொன்று நிரம்பினால் முதற்கோப்பையைத் தந்தை தம் கையால் ஊற்றித் தருவது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரே மகளுக்கென்று நான்கு ஆண்டுகளாக ஒரு புட்டி கட்டிலடியில் படுத்திருந்தது. பெருக்கும்போதெல்லாம் மனைவி அதை நகர்த்துவாள். அவர் மீண்டும் பழைய சாய்விலேயே கிடத்துவார். "உங்க புட்டிக்கு ஒரு தலகாணியும் வெச்சிரட்டுமா?" என்று கேட்பாள் அவள்.

கடைசியில் நாள் இடறியது. மகளுக்கு வெளியூர் மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்தது. பிறந்தநாளன்றே காலை எட்டு மணிக்குப் பேருந்து. ஆகவே விருந்தை முந்தின நாள் நண்பகலில் வைத்தார்கள்.

சுட்ட கோழி பொன்னிறமாய் மினுங்கியது. வெண்ணெய் உருகிய உருளைக்கிழங்கிலிருந்து ஆவி எழுந்தது. தக்கையும் ஒரே மூச்சில் வந்தது. ஆனால் "கேட்டுச்சா?" என்று அவர் எவரையும் கேட்கவில்லை. மனைவிக்கு ஊற்றினார், மனைவியின் தம்பிக்கு ஊற்றினார். மகளின் கோப்பைக்கு மேலே புட்டி சாயாமல் நின்றது.

"என்னப்பா?"

"நாளைக்குத்தானேம்மா உனக்கு இருபத்தொண்ணு."

மைத்துனர் மேஜைவிரிப்பைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார். "மச்சான், ஆபீசர் யாரும் இல்ல. தைரியமா ஊத்துங்க."

"ஒரு நாள்தானேங்க. புள்ள மூஞ்சியப் பாருங்க" என்றாள் மனைவி.

"பதினோரு நாளும் ஒரு நாளும் எனக்கு ஒண்ணுதான்."

மகளின் குரல் தாழ்ந்தது. "யார் யாருக்கோ ஊத்துனீங்க. சின்ன வயசுலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். நாளைக்கு நான் பஸ்ல இருப்பேம்ப்பா."

அவர் அவளுடைய கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் தம்முடையதையும் கவிழ்த்தார். பாதிப் புட்டிக்குத் தக்கையை அடைத்தார். கோழி எப்படி இருந்தது என்று அன்று எவரும் சொல்லவில்லை. மைத்துனர் மட்டும் வெகுநேரம் தயங்கிவிட்டு, "அக்கா, இன்னொரு துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி. அவருக்குப் பணி தொடங்குவது பதினொன்றுக்கு. ஆயினும் கையில்லாத கறுப்புக் கோட்டும், இடக்கையில் மடித்த வெள்ளைத் துண்டுமாய் அடுக்களை மேஜையருகே நின்றார்.

"விடிஞ்சும் விடியாம இது என்ன வேஷம்?" என்றாள் மனைவி. கேட்டபோதே முந்தின நாள் எடுத்து வைத்திருந்த கோழிக்கால் ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மேஜைமேல் ஒற்றைக் கோப்பை, ஈரத்தின் சுவடறத் துடைக்கப்பட்டு, நிமிர்ந்திருந்தது.

மகள் தோள்பையோடு வந்தாள். "கெளம்பறேன்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் கையை நீட்டினார். "அட்டை?"

"அப்பா!"

"அட்டை பார்க்காம ஊத்தறதில்லைங்க."

அவள் அவரையே நோக்கினாள். கோட்டை, துண்டை, நீட்டிய கையை. பிறகு பையை இறக்கி அடிவரை துழாவினாள். "போட்டோவப் பார்க்காதீங்க. தூங்கி எந்திரிச்ச மாதிரி இருப்பேன்."

மூக்குக்கண்ணாடி இறங்கியது. கட்டைவிரல் தேதிக்குக் கீழே நின்றது. உதடுகள் ஓதின, விரல்கள் எண்ணி முடித்தன. அட்டை திரும்பி வரவில்லை. கட்டைவிரல் மெல்ல ஒரு வரி மேலேறி, அவரே இட்ட அந்தப் பெயரின்மேல் எழுத்தெழுத்தாக ஊர்ந்தது. அதை அங்கிருந்து எடுக்காமலே, மறுகையால் புட்டியைச் சாய்த்தார்.