கழுத்துக்கு மட்டும் சிங்கப்பூர் நேரம்

சிங்கப்பூரில் குளிரில் நடுங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஜாலான் புசார் தெரு முழுவதும் பனியனோடு விசிறிக்கொண்டிருந்த மதியத்தில், யாரோ வெள்ளைக்காரச் சிப்பாய் கழித்துப் போட்ட கம்பளிச் சட்டைக்குள் நான் இருந்தேன். ஊரில் மார்கழி மாதக் குளத்தில் விடியுமுன் குதித்தவன். பதினாறு வயதில் ஓடிவந்து, பினாங்கு, ஈப்போ, மலாக்கா என்று எங்கும் நிலைக்காமல் அலைந்தவன். அந்த வருஷமோ மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குரலும் கரகரத்துப் போயிற்று. அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. ஒரு மாதம் பார்ப்பேன், தேறாவிட்டால் வேறு ஆள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. இனி ஊர் சுற்ற மாட்டேன் என்று அண்ணனுக்கு எழுதினேன். தம்பிக்குப் புத்தி வந்ததென்று மகிழ்ந்து பதில் போட்டார்.

நோயை முதலில் கண்டவன் சிராங்கூன் ரோட்டில் எனக்குச் சவரம் செய்யும் மாரிமுத்து. வாராவாரம் என் கழுத்தில் கத்தி வைப்பவன்.

“அண்ணே, முன்னெல்லாம் கத்தி நேரா எறங்கும். இப்ப மேடேறி எறங்குது.”

“சதை போட்டிருக்கும்டா.”

“சரி, புருவத்து ஓரத்துல முடியக் காணமே. அத நானா செரைச்சேன்? ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

ஆஸ்பத்திரி என்றால் எனக்குப் பயம். பக்கத்துச் சந்துச் சீன வைத்தியரிடம் போனேன். இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுக் காட்டி, கடல் இருக்கும் திசையில் கையை அலைபோல் அசைத்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய். கப்பலேறி ஊருக்குப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நேரே கப்பல் ஆபீஸ் வரிசையில் போய் நின்றேன். நிற்க முடியாமல் திரும்பி வந்தபோது, வைத்தியர் கையில் பொட்டலத்தோடு கடைவாசலில் காத்திருந்தார். உள்ளே ரிப்பன் போலக் காய்ந்த கடற்பாசி. கூடவே இஞ்சித் தண்ணீரும் காலை நடையும் சொன்னார். பத்து நாள் அந்தக் கடலைக் காய்ச்சிக் குடித்தேன். கழுத்து இன்னும் வீங்கிற்று.

மாரிமுத்து கடையைச் சாத்திவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் சீன டாக்டர் சொன்னதைத் தமிழ் நர்ஸம்மா எனக்கு எடுத்துச் சொன்னார்.

“தைராய்டுன்னு கழுத்துல ஒண்ணு இருக்கு. ஒங்க ஒடம்பே அத வெளியாளுன்னு நெனச்சு அடிக்குது.”

“பொறந்ததுலேர்ந்து அங்கதானேம்மா இருக்கு?”

“அது ஒடம்புக்குத் தெரியலயே லா” என்று சிங்கப்பூர் வாலையும் சேர்த்துச் சொன்னார்.

ஆயுளுக்கும் தினம் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. நான் பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். டாக்டர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். அவர் வீட்டிலும் இதில் சூப் உண்டாம். ஆனால் இந்த நோய்க்குப் பாசி ஆகாது, இஞ்சியும் நடையும் இருக்கட்டும் என்றார். மிச்சப் பாசியை வைத்தியரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் மாத்திரையை வாங்கி முகர்ந்து, தலையாட்டிவிட்டு, கூடுதலாக ஒரு துண்டு இஞ்சி வைத்துத் தந்தார்.

மாதம் முடிந்தபோது என்னால் மூட்டை தூக்க முடியவில்லை. மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று மாரிமுத்து மேஸ்திரியிடம் போய்ச் சொன்னானாம். மேஸ்திரி கோணி ஊசியைக் கொடுத்து, கிழிந்த மூட்டைகளைத் தைக்க உட்கார வைத்தார். நாலாம் மாதம் மூட்டை மறுபடி முதுகில் ஏறியது. கம்பளிச் சட்டையால் மாரிமுத்து இப்போது கடைக் கண்ணாடி துடைக்கிறான்.

ஊர் சுற்றும் கால் நமைச்சலும் திரும்பிவிட்டது. டாக்டரிடம் சொல்லி, இரண்டு மாதத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருக்கிறேன். கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. அங்கே மாத்திரை நேரமான ஆறு மணி என்றால் இங்கே நாலு. இன்று மாத்திரைப் புட்டியின் சத்தத்தில் அண்ணன் விழித்துக்கொண்டார்.

“ஏன்டா, இங்க வந்துமா அந்த ஊரு மணி?”

“கழுத்துக்கு மட்டும்ணே.”

விழுங்கிவிட்டுப் பாயில் சாய்ந்தேன். கழுத்துக்கு அங்கே விடிந்துவிட்டது. மற்ற உடம்பு இங்கே விடியக் காத்துக் கிடந்தது.