கேப்டன் செத்தாரா?

மகள் போனில் தோழியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "அவன் சாவுற பாகத்தைக் கணக்குலயே சேர்க்கக் கூடாதுடி." ஏதோ விண்வெளித் தொடராம். இறால் வதக்கிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எண்பதுகளில், எங்கள் மீனவக் குப்பமான தோணிரேவில் எங்களுக்கும் ஒரு விண்கப்பல் கேப்டன் இருந்தார். மாதாமாதம் அந்தப் படக்கதைப் புத்தகத்தை பழவேற்காட்டிலிருந்து என் வகுப்புத் தோழி ஃபரீதா கொண்டுவருவாள். ஒரு மாதம் கப்பல் வெடித்து கேப்டன் செத்துப்போனார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ஒரு விளக்கமும் சொல்லாமல் அவரே கப்பலை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ஏமாத்துறாங்க. இனிமே படிக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப எங்கூட பேசவும் பேசாத" என்றாள் ஃபரீதா.

வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த என் நைனா நிமிர்ந்தார். "உடம்பு கரை ஒதுங்குச்சா?"

"இல்ல மாமா, வெறும் பொகைதான் போட்டிருந்தாங்க" என்றாள் ஃபரீதா.

"அப்ப எப்படி செத்தான்னு சொல்லுவ?"

பக்கத்தில் இருந்த சித்தப்பா என்னைப் பார்த்தார். "இன்னா பாப்பா, புயல்ல காணாமப் போன எனக்கு பதினாறாம் நாள் காரியத்துக்கே பந்தல் போட்டாங்க. ஆந்திரா கரையிலேர்ந்து வந்து, அந்தப் பந்தல்லயே குந்தி எனக்குச் சுட்ட வடைய நானே துன்னேன். யாருக்காச்சும் விளக்கம் சொன்னனா?"

நானும் ஃபரீதாவும் சிரித்த சிரிப்பில் நண்டுக்கூடை கவிழ்ந்தது.

கரண்டியோடு மகளின் அறை வாசலில் போய் நின்றேன். "உடம்பைக் காட்டினாங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது; தோழிதான் பதில் சொன்னாள். "இல்ல ஆன்ட்டி. பொகை மட்டும்தான்."

"அப்ப அவனுக்கு ரெண்டு வடை எடுத்து வைங்க. வந்துடுவான்."