டிஃபால்ட்டை வெட்டிய காலை

புளியங்குடி எலுமிச்சை மண்டிக்கு விலை காட்டும் தளத்தை மேலகரம் வீட்டிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நிரல் ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு எதை எக்ஸ்போர்ட் செய்தாலும் பெயரோடு செய்யவேண்டும், பெயரில்லாத டிஃபால்ட் கூடாது என்று கூட வேலை பார்க்கும் பெண் நிரலில் தப்பைச் சிவப்பில் காட்டும் லின்ட்டில் விதி போட்டுவிட்டாள். காலையில் திரை முழுக்கச் சிவப்பு. மண்டியிலிருந்து எலுமிச்சை லாரி கிளம்புமுன் அன்றைய விலை தளத்தில் ஏறியாக வேண்டும். எவன் கண்டுபிடித்த விதியோ! பதறினால் என் கைக்கு மூளை தேவைப்படாது. சிவப்பு இருந்த ஃபைல், இல்லாத ஃபைல் எல்லாவற்றிலும் டிஃபால்ட்டை வெட்டினேன். சிவப்பு மறைந்தது, விலைப் பக்கமும் மறைந்தது.

விதி போட்டவளைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் கேட்டாள்:

"வெல காட்டுற பேஜ் ஃபைலுக்கு டிஃபால்ட் வேணும்லா? அதுக்கு விலக்கு குடுத்திருக்கேன். அதுல ஏன் அண்ணாச்சி கைய வச்சீய?"

சரிசெய்ததும் மண்டிக்காரர் பேசினார். "வெல வந்துட்டு அண்ணாச்சி. லாரிதான் போயிட்டு."

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் கோபம் இன்றுவரை அந்த விதி மேல்தான். அதற்குத் திருப்பித் திட்டத் தெரியாது.