கழுவிய தூக்கு

நான் திருடியது தேங்காய் பர்ஃபி. இதைத் திருட்டு என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் அதனால் இரண்டு நல்ல பெண்கள் பல வருடங்கள் ஒருவரையொருவர் தவறாக நினைத்திருந்தார்கள். அதைத் தீர்க்க ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை.

இரும்புலியூரில் எங்கள் தெரு ஜி.எஸ்.டி. சாலையில் தொடங்கி ரயில் பாதைப் பக்கம் போய் முடியும். தெருக்கோடி வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். அம்மா அவரை அக்கா என்பாள். அதனால் எனக்குப் பெரியம்மா. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு எவர்சில்வர் தூக்கில் அச்சு முறுக்கு வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டனுப்புவாள் அம்மா.

அந்த வருடம் முறுக்கு வந்த தூக்கில் தேங்காய் பர்ஃபி அடுக்கி என்னிடம் கொடுத்தாள். "நேரா போ. பெரியம்மா கைலயே குடு."

நேராகத்தான் போனேன். வழியில் அடிபம்பு மேடை இருந்தது. ஒன்றே ஒன்று என்று உட்கார்ந்தேன். பாதி காலியானதும், பாதித் தூக்கோடு போனால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றியது, மீதியையும் முடித்தேன். ஒட்டியிருந்த தேங்காய்ப்பூ காட்டிக்கொடுத்துவிடுமே! பம்பை அடித்து, மண் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"அம்மா ஏதாவது சொன்னாங்களா கண்ணு?"

"ஒண்ணும் சொல்லல பெரியம்மா."

"கழுவியா குடுத்தாங்க?"

"ஆமா. நல்லா தேச்சுக் கழுவிக் குடுத்தாங்க."

அவர் மூடியை மெதுவாக மூடினார். "சரி, வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ."

எங்கள் உறவில் வேற்று வீட்டுச் சமையலைத் தொடாதவர்கள் இருந்தார்கள். கொடுத்ததை மரியாதைக்கு வாங்கி, வேலைக்கு வருபவளிடம் தந்துவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்து வெறுமையாகத் திருப்புவார்கள். சமைக்காத பழமென்றால் ஏற்றுக்கொள்வார்கள். பெரியம்மாவுக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது.

"ஏங்க, அக்காவுக்கு என் மேல ஏதாச்சும் கோவமா?" என்றாள் அம்மா.

"பழம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா.

"முறுக்கு சுட்ட வாசனை தெருவெல்லாம் அடிக்குது. நமக்கு மட்டும் பழமாம்!"

அம்மா ரோஷக்காரி. அந்தப் பொங்கலுக்கு அவளும் பச்சரிசியும் வெல்லமுமாக அனுப்பினாள். "ரெண்டு பேரும் மளிகைக் கடை வச்சிட்டீங்களா?" என்று அப்பா கிண்டலடித்தார். அம்மா சிரிக்கவில்லை. பெரியம்மாவை வழியில் பார்த்தால் நின்று பேசுவாள். பள்ளிக்கூடம், தண்ணீர், ரயில் எல்லாம் பேசுவார்கள். அதை மட்டும் பேச மாட்டார்கள். எனக்கு முறுக்கு போயிற்றே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

பிறகொரு மழைக்காலத்தில் அம்மா டைஃபாய்டில் படுத்தாள். பெரியம்மா பள்ளிக்கூடம் போகும் முன் விடியற்காலையிலேயே வந்துவிடுவார். எங்கள் அரிசியை எங்கள் பானையிலேயே கஞ்சியாக வைப்பார். ஈர விறகு புகைந்து கண்ணில் நீர் வழியும். தன் வீட்டில் ஸ்டவ்வில் வைத்துக் கொடுத்தனுப்பினால் இந்தப் பாடு இல்லையே என்று நினைத்தேன்.

"உங்க பாத்திரத்துலதாம்மா வச்சேன்," என்று அம்மாவிடம் கிண்ணத்தை நீட்டுவார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அம்மாவுக்கும் புரியவில்லை.

தன் வீட்டுச் சமையல் ஆகாதென்று ஒதுக்கிய வீடு என்றே அவர் எங்களை நினைத்திருந்தார். அப்படி நினைத்தும் வந்தார். அவமானத்தை வாசலில் விட்டுவிட்டு அடுப்பை ஊதிய அந்த மனதுக்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் புரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். புரிந்த பிறகும் சொல்லவில்லை என்பதுதான் என் நிஜமான குற்றம். நாளை சொல்லலாம் என்றே வருடங்கள் போயின. அம்மாவும் போய்விட்டாள்.

பெரியம்மா இப்போது ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டிவிட்டார். போன டிசம்பரில் நானே தேங்காய் பர்ஃபி கிளறி, ஒரு தூக்கில் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடப்பாவி! தூக்கு மொத்தமுமா?" என்று குலுங்கிச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "உங்கம்மாவுக்குத் தெரியுமாடா?"

"சொல்லல பெரியம்மா."

"என் முறுக்க அவ சாப்பிட்டாளா?"

"விரும்பிச் சாப்பிட்டாங்க. பழம் வந்த வருஷம் அழுதாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் மகளைக் கூப்பிட்டு, தூக்கைக் காலி செய்து அச்சு முறுக்கை நிரப்பச் சொன்னார். மூடியைத் தானே மூடினார்.

"இது உனக்கில்ல. அம்மா படத்துக்கு முன்னால வை. வழியில திங்காத."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மூடியை மீறி முறுக்கு வாசனை வந்துகொண்டிருந்தது. வண்டலூர், பெருங்களத்தூர் எல்லாம் கடந்து தாம்பரத்தில் இறங்கும்வரை அந்த மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன்.